இடைவெளியா? ஆக்கவெளி!

கருமத்தம்பட்டித் தறிக்கூடத்தில் பாவு பிணைக்கும் பொழுதை எவரேனும் சோம்பற்பொழுது என்பரோ? உயிரணு ஒரு பிளவுக்கும் மறு பிளவுக்கும் இடையே நிற்கும் பொழுதும் அத்தகையதே. விரைந்து பெருகும் மாந்த உயிரணுவின் சுழற்சி ஏறத்தாழ 24 மணி நேரம். அதில் பிளவு 1 மணி நேரமே. எஞ்சிய பொழுதில் அது முதற்கண் வளரும். பின்னர் மரபுப்பொருளை இரட்டிக்கும். அதன்பின் பிழை நோக்கிப் பிளவுக்கு அணியமாகும்.

1953-இல் அவரையின வேர்நுனியை ஆய்ந்த ஓவார்டும் பெல்க்கும் இரட்டிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள நிலைகளை 'இடைவெளி' என்றனர். அவ்வாங்கிலச் சொல்லின் முதலெழுத்தையே நம் மாணவன் பொருளறியாது உருப்போடுகிறான். வளர்நிலை, இரட்டிப்புநிலை, அணியநிலை என்றால் பெயரே பாடமாகுமே!

பாடநூலோ உயிரணுவையே 'செல்' என்கிறது. தமிழில் செல் என்பது கறையான்! கொங்குமண்ணின் பெரியசாமித்தூரன் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த பின்னும் 'சொல்லில்லை' என்பது மடியன்றி வேறென்ன? தமிழா, அரிக்கும் செல்லை அகற்று, உயிரணுவை வாழவிடு!