புகாருக்குக் கொடி கட்டாதே: பெரம்பலூர் - அரியலூர் இளையோரின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பதினெட்டைத் தாண்டியவர்கள், முப்பதைத் தொடாதவர்கள். எங்களில் உதயசூரியனுக்கு ஓட்டுப் போடுபவர் உண்டு. இரட்டை இலை, மாம்பழம், பானை, தாமரை, அரிவாள் சுத்தியல், விவசாயி என்று ஆளுக்கொரு சின்னத்தோடு நிற்பவர்களும் உண்டு. யாரும் தன் கட்சியை விட்டு வரவில்லை. விடச் சொல்லவும் மாட்டோம்.

ஒன்றுக்காக மட்டும் சேர்ந்திருக்கிறோம். பாலியல் சீண்டல் என்று ஒரு பெண் வாய் திறந்ததும் "அவன் எந்தக் கட்சி? அவள் என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வழக்கத்தை எங்களோடு முடித்துவைக்கிறோம்.

ஏன் இந்த இயக்கம்?

2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை விவகாரம் வெடித்தபோது ஒரு தரப்பு கொதித்தது, இன்னொரு தரப்பு மழுப்பியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்குப் பாலியல் கொடுமை நடந்தபோது மழுப்பியவர்கள் கொதித்தார்கள், கொதித்தவர்கள் மழுப்பினார்கள். 2025 மே மாதம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த மாதமே அண்ணா பல்கலைக்கழக வழக்கின் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டு சிறை என்று தீர்ப்பானது. நீதிமன்றங்கள் சாட்சியத்தைப் பார்த்தன. நம் வாட்ஸ்அப் குழுக்கள் கரைவேட்டியைப் பார்த்தன.

2021 பிப்ரவரியில், மேலதிகாரி மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட பெண் எஸ்.பி.யின் காரையே சுங்கச்சாவடியில் போலீசார் மறித்தார்கள். அந்த வழக்கில் மேலதிகாரியான அப்போதைய சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸுக்கு 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் மூன்றாண்டு சிறை விதித்தது. காக்கிச்சட்டை போட்ட ஐ.பி.எஸ். அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு?

எங்கள் மண்ணும் விலக்கல்ல. செந்துறைப் பக்கம் காணாமல்போன 17 வயது தலித் சிறுமியின் உடல், 2017 ஜனவரியில் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அப்போதும் ஊரில் பலர் முதலில் விசாரித்தது சாதியைத்தான்.

காலை எட்டரை மணிக்கு அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துபோகிறது. பெண்கள் பையை மார்போடு அணைத்தபடி நிற்கிறார்கள். ஒருத்தியின் கையில் ஊக்கு. பின்னால் நிற்பவன் ஒவ்வொரு பிரேக்குக்கும் சாய்கிறான். அவள் முறைத்தால் "கூட்டம்னா அப்படித்தான்" என்கிறான். கண்டக்டர் "முன்னாடி போம்மா" என்று அவளைத்தான் நகர்த்துகிறார். இதை அவள் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் "படிச்சது போதும்" என்று நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாரமே ஜாதகம் எடுப்பார்கள். தப்பு செய்தவன் மறுநாளும் அதே பஸ்ஸில் வருவான்.

எங்கள் கொள்கைகள்

1. முதலில் புகாரை முழுதாகக் கேட்போம். கேட்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. பதில் சொல்லும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு. அதற்கு இடம் விசாரணை, டீக்கடை அல்ல.

2. அடுத்த சாதிக்காரன் மீது புகார் என்றால் ஊரைக் கூட்டுவதும், சொந்தச் சாதிக்காரன் என்றால் பஞ்சாயத்தில் பேசி அமுக்குவதும் ஒரே அயோக்கியத்தனம். இரண்டையும் எதிர்ப்போம்.

3. இருவர் விரும்பிப் பழகுவது குற்றமாகாது. சாதி மாறிக் காதலித்தவன் மீது சீண்டல் பழி சுமத்த விடமாட்டோம். வேண்டாம் என்றவளைப் பின்தொடர்வது காதலாகாது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவுப்படி குற்றம்.

4. "கிண்டல்தானே" என்ற சமாதானத்தை ஏற்கமாட்டோம். அந்தக் கிண்டல்தான் 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷாவின் உயிரைக் குடித்தது. ஈவ் டீசிங் தடைச் சட்டம் அதன் பிறகுதான் வந்தது.

5. சீண்டப்பட்டவர் ஆணானாலும் திருநங்கையானாலும் இதே நியாயம்.

6. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது 1929இல். இந்துச் சட்ட மசோதாவுக்காக அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தது 1951இல். மேடையில் இந்த மரபுகளைப் பேசும் கட்சி, தன் கிளைச் செயலாளர் மீது புகார் வரும்போதும் பேச வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

கல்லூரிகளில்: மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கும் குழுவில், தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும் என்கின்றன யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள். குரும்பலூரிலும் அரியலூரிலும் உள்ள அரசுக் கல்லூரிகள் தொடங்கித் தனியார் கல்லூரிகள் வரை இந்தத் தேர்தல் முறையாக நடக்க வேண்டும்.

வேலையிடங்களில்: 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமெல்லாம் உள்ளகப் புகார் குழு வேண்டும். எறையூர் சிப்காட்டின் காலணித் தொழிற்சாலையிலும், அரியலூர் சிமெண்ட் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர் நடுவிலும் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்ற கெடுவும் அதே பலகையில் இருக்கட்டும். பத்துப் பேருக்குக் குறைவான ஜவுளிக்கடையிலும் வீட்டுவேலையிலும் இருப்பவர்களுக்கு மாவட்ட உள்ளூர் புகார் குழு எங்கே இருக்கிறது என்று ஆட்சியர்கள் ஊராட்சிதோறும் அறிவிக்க வேண்டும்.

பஸ்களில்: 181 என்ற உதவி எண் ஒவ்வொரு டவுன் பஸ்ஸிலும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். புகார் வந்தால் வண்டியை நேராகக் காவல் நிலையத்துக்கு விடும் அதிகாரம் தனக்கு உண்டு என்று கண்டக்டருக்கு எழுத்தில் உத்தரவு தர வேண்டும்.

கட்சிகளிடம்: புகாருக்கு ஆளான நிர்வாகியை விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். புகார் சொன்னவர் வீட்டுக்குச் சமாதானத் தூது அனுப்பாதீர்கள்.

உறுப்பினர் ஆவது எப்படி?

சந்தா கிடையாது, அடையாள அட்டை கிடையாது. இதில் கையெழுத்திடுபவர் ஒரு நகலைத் தன் சொந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் கையில் நேரில் கொடுக்க வேண்டும். கட்சி இல்லாதவர் தன் ஊர்ப் பெரியவரிடம் கொடுக்கட்டும். எதிர்க்கட்சிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தால் செல்லாது.