எதிர்வீட்டுக் கார்

காலை எட்டேகால் மணி. டிபன் பாக்ஸ் கட்டியாயிற்று. யூனிபாரம் போட்டாயிற்று. காணாமல் போன ஒற்றை ஷூவையும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தாயிற்று. வீட்டுக்காரர் காரை எடுக்கப் போகிறார். கேட்டைத் திறந்தால்... வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார்!

யாருடையது? யாருக்குத் தெரியும்? அவர் ஹாரனை அழுத்துகிறார். உள்ளே அப்போதுதான் கண்ணயர்ந்த கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. எதிர் மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு, 'நம்ம வண்டி இல்லை' என்று உள்ளே போய்விடுகிறது. பத்து நிமிஷம் கழித்து, வாயில் பிரஷ்ஷும் கையில் சாவியுமாக ஒருவர் ஆடி அசைந்து வருகிறார். "ரெண்டு நிமிஷம்தானே சார், அதுக்குள்ளே என்ன அவசரம்?"

இந்தக் காட்சி நடக்காத தெரு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். குடிவந்துவிடலாம்!

'இதெல்லாம் ஆண்கள் விவகாரமாயிற்றே, மகளிர் பத்திரிகையில் எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். பகல் பூராவும் வீட்டில் இருப்பது யார்? தண்ணீர் லாரி உள்ளே வர இடமில்லாமல் திரும்பிப் போனால், அன்றைக்குக் குடத்தைத் தூக்குவது யார்? மார்கழியில் விடிகாலையில் கோலப்பொடியும் கையுமாக வாசலுக்கு வந்தால், கோலம் போடுகிற இடத்தில் டயர் நிற்கிறது. சண்டை போடுகிறவர்கள் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விடுகிறார்கள். மத்தியானம் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்கக் கூச்சப்பட்டு நிற்பது நாம்தானே?

முன்பெல்லாம் இவ்வளவு சண்டை இல்லையே என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன. வண்டிகள்தான் வளர்ந்துவிட்டன. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கார் சுமார் 11 அடி நீளம், 4 அடி 9 அங்குல அகலம். இன்று தெருவில் நிற்கிற ஜீப் மாதிரியான உயரக் கார்களைப் பாருங்கள். பல 14 அடி நீளம், 6 அடி அகலம். அதற்கு வெளியே காது மாதிரி இரண்டு கண்ணாடிகள் வேறு. அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்காகவும் சின்னக் காருக்காகவும் வைத்த கேட்டில்தான் இந்த யானையையும் நுழைக்கப் பார்க்கிறோம்.

இங்கேதான் ஒரு விஷயம் பல பேருக்குப் புரிவதில்லை. வாசலுக்கு நேரே நிறுத்தினால் மட்டும் அடைப்பு இல்லை. வாசலுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினாலும் அடைப்புதான். "நான் உங்க கேட்டிலா நிறுத்தினேன்? எங்க வீட்டு ஓரத்திலேதானே நிறுத்தியிருக்கேன்!" என்று எதிர்வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. கணக்குத்தான் உதைக்கிறது.

தெரு 20 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரை ஒட்டி 6 அடி அகலத்துக்கு ஒரு கார். மிச்சம் 14 அடி. உங்கள் காரின் நீளமும் 14 அடி. நேராக வெளியே வந்தால், பின்பக்கம் கேட்டைத் தாண்டுவதற்குள் மூக்கு எதிர்க் காரில் முட்டும். அதற்குப் பயந்து முன்னாலேயே ஸ்டியரிங்கை ஒடித்தால், பின் கதவு கேட் தூணில் 'கிரீச்' என்று உரசும். பழைய மாருதிக்கு இதே தெருவில் மூன்றடி மிச்சம் இருந்தது. அதனால்தான் பதினைந்து வருஷம் வம்பில்லாமல் இருந்த இரண்டு குடும்பங்கள், புதுக் கார் வந்த மாதமே முறைத்துக்கொள்கின்றன.

இதற்குப் பரிகாரம் ஒன்றும் பெரிதில்லை. எதிர்க் கார் ஒரு ஏழெட்டு அடி தள்ளி நின்றால் போதும். எந்தப் பக்கம்? நீங்கள் வெளியே வந்து வலது பக்கம் திரும்புகிறவர்களானால், அது உங்களுக்கு இடது பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் யாரும் சுலபத்தில் மறுக்க மாட்டார்கள். 'வண்டியை எடுங்க' என்று மொட்டையாகச் சொன்னால்தான், 'எங்கே எடுக்கிறது?' என்று பதில் வருகிறது.

இன்னொன்று. குறுகலான கேட்டுக்குள் காரை முன்பக்கமாகவே நுழைப்பதுதான் நம் வழக்கம். அதைவிடப் பின்பக்கமாக நுழைப்பது நல்லது. கார் திரும்புவது முன் சக்கரத்தால். பின் சக்கரம் அதன் போக்கில் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கமாக நுழைந்தால் பின் கதவு தூணில் உரசுவது அதனால்தான். பின்பக்கத்தை முதலில் உள்ளே விட்டுவிட்டால், மூக்கைத் தெருவில் இப்படி அப்படித் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது தெருவைப் பார்த்தபடியே வெளியே வரலாம். சைக்கிளில் வருகிற பையனும், கூடை தூக்கி வருகிற கீரைக்காரம்மாவும் கண்ணுக்குத் தெரிவார்கள். இப்போதெல்லாம் நம் வாசகிகளே எத்தனையோ பேர் கார் ஓட்டுகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு காலியாக இருக்கும்போது நாலு தடவை பழகிப் பாருங்கள், கை தானாக வந்துவிடும்.

இளம் தாய்மார்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பா ஆபீசுக்குக் கிளம்பினால் 'டாட்டா' சொல்லக் குழந்தை ஓடி வருவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், பம்பருக்கு அருகில் நிற்கிற இரண்டு வயதுக் குழந்தை, ஓட்டுகிறவரின் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்குகிற குழந்தையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2019 ஜூலை 1 முதல் புதிதாக வருகிற கார்களில் பின்னால் தடை இருந்தால் 'பீப் பீப்' என்று சத்தமிடும் கருவி கட்டாயம். பழைய கார்களில் பலவற்றில் அது கிடையாது. இருக்கிற கார்களிலும் சுவருக்கும் செடிக்கும் தூணுக்கும் அது கத்திக் கத்தி, ஓட்டுகிறவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அதை நம்பிக் குழந்தையை விடாதீர்கள்.

டாட்டா சொல்லட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வராந்தா கிரில்லுக்கு உள்ளேயிருந்து, பாட்டி இடுப்பில் உட்கார்ந்து சொல்லட்டும். கேட்டைத் திறக்கிறவர் நீங்கள் என்றால், குழந்தை யார் கையில் என்று தெரிந்துகொண்ட பிறகு தாழ்ப்பாளில் கை வையுங்கள். 'உள்ளேதான் விளையாடிட்டிருக்கான்' என்பது பதில் இல்லை. யார் கையில் என்பதுதான் கேள்வி. ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினால் அரை நிமிஷம்கூட ஆகாது. தண்டவாளத்தில் உருட்டித் தள்ளுகிற இரும்பு கேட் வைத்திருக்கிறவர்கள், கடைசியில் அதைத் தடுத்து நிறுத்தும் முட்டுக்கட்டை உறுதியாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். தண்டவாளத்தை விட்டு இறங்கினால் அவ்வளவு கனமும் சாய்ந்துவிடும். குழந்தைகள் அதில் தொற்றிக்கொண்டு ரயில் விளையாடுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, வாசலை மறிக்கிற விஷயத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள் ஒரு பெண். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்துவிட்டது. பெட்டி தயார், கார் தயார், அம்மா கையில் பிளாஸ்க்கோடு தயார். கேட்டைத் திறந்தால் குறுக்கே ஒரு கார். கண்ணாடியில் போன் நம்பர் எதுவும் இல்லை. மணி அடித்து நாலு வீட்டை எழுப்பினார்கள், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போய் ஆட்டோ பிடித்தார்கள். வலி வரும்போதெல்லாம் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நடை. ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஆனால் காலையில்தான் தெரிந்தது, அந்தக் கார் எதிர்வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மைத்துனருடையது. எதிர்வீட்டு அம்மாளுக்கு அது எங்கே நிற்கிறது என்றே தெரியாது! இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

இந்த மாதிரி வம்பில் பாதிக்கு மேல் விருந்தாளி வண்டிகளால்தான் வருகிறது. நவராத்திரிக்குக் கொலு பார்க்க அழைக்கிறோம், சுண்டல் செய்கிறோம், வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள் என்று யோசிக்கிறோமா? உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், 'வாங்க, உட்காருங்க' என்ற கையோடு, 'வண்டியை எங்கே விட்டீங்க?' என்றும் கேட்டுவிடுங்கள். ராத்திரி தங்குகிறவரானால் சாவியைக் கூடத்தில் ஆணியில் மாட்டச் சொல்லுங்கள். நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் இன்னும் உத்தமம். அர்த்தராத்திரியில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவராக இருந்தால் அட்டையால் பிரயோஜனம் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

எதிர்த்தரப்பிடம் எப்படிப் பேசுவது? அடைபட்டு நிற்கிற நேரத்தில் மட்டும் பேசாதீர்கள். அப்போது வருவது பேச்சு இல்லை, ஆத்திரம். சாயங்காலம் அடுப்பு வேலை ஓய்ந்த பிறகு, அந்த வீட்டு அம்மாளைப் போய்ப் பாருங்கள். "அக்கா, ஒரு ஒத்தாசை. காலையிலே எட்டிலேர்ந்து ஒன்பது வரைக்கும் மட்டும் வண்டி அந்த வேப்பமரத்துப் பக்கமா நின்னா எங்களுக்குத் திருப்ப முடியும். மத்த நேரம் எப்படி வேணா நிறுத்திக்குங்க." இதற்கு 'முடியாது' என்று சொல்ல நாக்கு எழும்பாது. மாடியில் குடியிருக்கிற வேலைக்குப் போகும் பையன்களா? "தம்பி, வீட்டிலே வயசானவங்க இருக்காங்க, ராத்திரி அவசரம்னா உன்னைத்தான் எழுப்பணும், நம்பர் கொடுப்பா" என்று கேளுங்கள். அதட்டுவதைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது. சிலர் ஆத்திரத்தில் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். இதைவிட அசட்டுத்தனம் உண்டா? அந்தக் கார் அப்புறம் எப்படி நகரும்?

எத்தனை சொல்லியும் கேட்காதவர்களும் உண்டு. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு, பொது இடத்தில் பிறருக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிறது. 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே, ஒரு இடத்தின் நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 177-ஆவது பிரிவின்படி முதல் தடவைக்கு அபராதம் 500 ரூபாய் வரை போகலாம். போலீஸ் உத்தரவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போகவும் முடியும். 100 அல்லது 112-க்குப் போன் செய்யலாம். வண்டி நம்பர் தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலீசைக் கூப்பிடுவதற்கு முன் நம் வாசலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு உரிமை கேட் அகலத்துக்கு மட்டும்தான். காம்பவுண்டு நீளம் பூராவும் 'நோ பார்க்கிங்' பலகை தொங்கவிட்டு, பூந்தொட்டியும் கருங்கல்லும் வைத்து, சாக்கடை மேல் மூன்றடிக்குத் தெருவில் சிமெண்டு சரிவும் போட்டுவைத்தால், மாநகராட்சி ஆள் வந்து இடிக்கிறது நம்முடையதைத்தான்! ஜப்பானில் 1962-இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். நிறுத்துவதற்குச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்யலாம். இங்கே முதலில் காரை வாங்குகிறோம், அப்புறம்தான் எந்த வீட்டு வாசல் காலி என்று பார்க்கிறோம்.

எதிர்வீட்டு அம்மாள் விஷயம் பாதியில் நிற்கிறதே? புண்ணியாகவாசனத்துக்கு அந்த அம்மாளை அழைப்பதா, வேண்டாமா என்று அந்த வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். பாட்டிதான், "குழந்தை பிறந்த வீட்டிலே கோபம் என்னடி" என்று தானே போய் அழைத்துவிட்டு வந்தார். அந்த அம்மாளும் வந்தார். குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் போட்டார். போகும்போது பாட்டியின் கையில் ஒரு சாவியை வைத்து அழுத்தினார். அவர்கள் வீட்டுக் காரின் மாற்றுச் சாவி. "இனிமே எங்களை எழுப்ப வேண்டாம் மாமி, நீங்களே தள்ளி நிறுத்திடுங்க."

பாட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவி பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெண் ஊருக்குப் போகும்வரை இரண்டு தடவை உபயோகப்பட்டதாகக் கேள்வி.