மீன்தொட்டிக்குள் அழையா விருந்தாளி... அடிக்கும் முன் யார் என்று பாருங்கள்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் காடுகளில் சாரைப்பாம்பு கண்ணில் பட்டால் முதலில் கம்புதான் பேசும். ‘என்ன பாம்பு?’ என்ற கேள்வி அப்புறம்தான் வரும். விஷமே இல்லாத, எலியைத் தின்று வெள்ளாமையைக் காக்கிற சாரை இப்படித்தான் அநியாயமாகச் சாகிறது.

வீட்டுக்குள் கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். வாங்கி விட்டது கோமாளி மீனும் நத்தையும் மட்டும்தான். ஆனால், இரவில் விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் கல் இடுக்கில் புழு நெளியும், கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும். கல், நத்தையின் ஓடு, கடல்பாசி, இன்னொரு தொட்டியின் மணல் என எதிலாவது தொற்றிக்கொண்டு டிக்கெட் எடுக்காமல் வந்தவை இவை. பெரும்பாலானவை பரம சாதுக்கள்!

யாரெல்லாம் நல்லவர்கள்?

கண்ணாடியில் ஓடும் வெள்ளைப் புள்ளிகள்: கோப்பிபாட் எனும் நுண்ணிய உயிர்கள். இவை மீனுக்கு இலவச உணவு. தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கும் அடையாளம்.

வெள்ளைச் சுருள்கள்: கடுகளவு நத்தை ஓடு போல ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது குட்டிப் புழு. தண்ணீரில் மிதக்கும் துணுக்குகளை வடிகட்டித் தின்னும்.

கல் ஓட்டையிலிருந்து நீளும் மெல்லிய கைகள்: பிரிட்டில் ஸ்டார் என்ற நட்சத்திர மீனின் உறவுக்காரர். குட்டி வகைகள் மிச்சம் மீதியைத் தின்றுவிட்டு ஒதுங்கியே இருக்கும்.

காது வடிவ ஓட்டு நத்தை: ஸ்டோமடெல்லா. பாசியை மேயும். ஆபத்து வந்தால் பல்லி வாலை விடுவதுபோல, பாதத்தின் ஒரு துண்டை விட்டுவிட்டு ஓடிவிடும்.

ஓரமெல்லாம் வெள்ளை மயிர் கொண்ட இளஞ்சிவப்புப் புழு: பிரிசில் வோர்ம். பார்த்தால் பகீர் என்றிருக்கும். ஆனால், இதுதான் தொட்டியின் துப்புரவுப் பணியாளர். வெறும் கையால் மட்டும் தொடக்கூடாது. மயிர் குத்தினால் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து எடுக்கலாம்.

யாரிடம் உஷார்?

பழுப்பு நிறத்தில், குட்டித் தென்னை மரம்போல நின்று, தொட்டதும் சட்டென்று உள்ளே சுருங்குவது ஐப்டேசியா. பக்கத்து உயிர்களைக் கொட்டும். நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் தனி ஆளாக வளரும் என்பதால் கத்தி வைக்கவே கூடாது. பெப்பர்மின்ட் இறால் இதை விரும்பித் தின்னும்.

நண்டு என்றால் கொடுக்கின் நுனியைப் பார்க்க வேண்டும். கரண்டி போலக் குழிந்திருந்தால் பெரும்பாலும் பாசி மேய்கிற ரகம். கூராக இருந்தால் மீன் மேலும் கை வைக்கலாம். இரவில் ‘டக் டக்’ சத்தம் கேட்டால் அது மீனை அடிக்கும் மான்டிஸ் இறாலாகவும் இருக்கலாம், சாதுவான பிஸ்டல் இறாலாகவும் இருக்கலாம். சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சித்திரை வெயில், மதியம் கரன்ட் கட். தொட்டி நீர் சூடாகி, ஆக்சிஜன் குறைந்து ஒரு மீன் சாகிறது. ராத்திரி புழுக்கள் கூடி அந்த உடலைத் தின்கின்றன. காலையில் பார்ப்பவர், ‘புழுதான் கொன்றுவிட்டது’ என்று முடிவு கட்டி தாமிரம் கலந்த மருந்தை ஊற்றுகிறார். தாமிரம் புழுவோடு இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். அவை அழுகினால் அமோனியா ஏறும். மிஞ்சிய மீன்களுக்கும் அதுவே எமன். கல்லில் படிந்த தாமிரம் லேசில் போகாது.

வெயில் ஊரில் இன்னொரு கவனமும் தேவை. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ‘நம்ம போர் தண்ணியே உப்புதானே’ என்று அதை ஊற்றினால் காரியம் கெடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதற்கென விற்கும் கடல் உப்புக் கலவையை ஆர்.ஓ. நீரில் கரைத்துத்தான் அந்த நீரைத் தயாரிக்க வேண்டும்.

கல்லைக் கடலிலிருந்து எடுக்காதீர்கள்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவானது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டு நொந்துபோன பவளப்பாறைகள் இங்கே இருக்கின்றன. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. ‘தொட்டிக்கு ஒரு கல்தானே’ என்று எடுத்து வந்தாலும் குற்றம்தான், சிறை வரை போகலாம். செயற்கைக் கல்லே போதும்.

ஆக, தொட்டியில் புதிதாக ஏதாவது தெரிந்தால் முதலில் போனில் ஒரு படம். அடுத்து, ஒரு வாரம் ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேடிக்கை. அது எதைத் தின்கிறது, எங்கே ஒளிகிறது என்று பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும். கெடுதல் செய்வது உறுதியானால், அதை மட்டும் பிடித்து வெளியேற்றலாம்.

பார்த்துவிட்டு முடிவெடுக்கப் பழகிய பிள்ளை, நாளை வரப்பில் சாரையைக் கண்டாலும் கம்பைத் தேடாது.