குதிரைக்கும் அளவு பார்க்கணும்!

ஆடி பிறந்தால் கொங்கு நாட்டில் குதிரைப் பேச்சும் தொடங்கிவிடும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் மார்வாரி, காத்தியவாரி என்று வடக்கத்திக் குதிரைகள் வரிசைகட்டி நிற்கும். வாங்க வருபவர்கள் சுழி பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள். சேணம் வாங்கும்போது மட்டும் நிறமும் குஞ்சமும்தான் கண்ணில் படும்.

திருப்பூர்க்காரர்களுக்கு அளவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனியன் அளவு மாறினால் சரக்கு திரும்பி வந்துவிடும். குதிரையால் சேணத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. வலியோடு சுமக்கும், தாங்காதபோது உதறும், கடிக்கும், ஆளைக் கீழே தள்ளும். நாமோ 'முரட்டுக் குதிரை' என்று பேர் வைத்துவிடுவோம்.

சேணம் சரிந்தால் பலரும் செய்வது, வயிற்றுப் பட்டையை இன்னும் இறுக்குவது. ஆனால் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம், சேணம் அந்த முதுகுக்குப் பொருந்தாததுதான். அடியில் துணியை அடுக்குவதும் தீர்வாகாது. இறுக்கமான செருப்புக்குள் இன்னொரு காலுறை போட்ட கதையாகிவிடும்.

முதுகில்: முதலில் துணி இல்லாமல் சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி நகர்த்துங்கள். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தானாக நிற்கும் இடமே அதன் இடம். பிடரி முடியும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே, ஆள் ஏறிய பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் மேல் எங்கும் படக் கூடாது.

வயிற்றுப் பட்டை: முன்னங்கால் முட்டிக்கு மேலே, மார்போடு சேரும் மடிப்புக்கு ஒரு கை அகலம் பின்னால் வரட்டும். ஒரேயடியாக இழுக்காமல் படிப்படியாக இறுக்குங்கள். சில குதிரைகள் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். அதனால் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

வாயில்: கடிவாள இரும்பு வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் அளவுக்கு இருக்கட்டும். தொண்டைப் பட்டையில் நான்கு விரல் இடைவெளி வேண்டும். முள் வைத்த கடிவாளத்தை வாங்கவே வாங்காதீர்கள். வண்டி, சுமை விலங்குகளுக்கான 1965-ம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்கின்றன.

கழற்றிய பிறகு: முதுகில் இரு பக்கமும் வியர்வை ஒரே மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். நடுவே உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே அதிகமாக அழுந்தியிருக்கலாம், அல்லது சேணம் படாமலே இருந்திருக்கலாம். விரலால் மெல்ல அழுத்துங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தி விலகினால் வலிக்கிறது என்று பொருள். அது ஆறும்வரை யாரும் ஏற வேண்டாம்.

சந்தையிலேயே முதுகைத் தடவிப் பார்ப்பதும் நல்லது. சேணம் உட்காரும் இடத்தில் மட்டும் திட்டாக வெள்ளை முடி தெரிந்தால், அது பழைய புண்ணின் தழும்பாக இருக்கலாம். தயங்காமல் விசாரியுங்கள்.

இத்தனையும் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். பேரனையோ மகளையோ குதிரைமேல் உட்காரவைத்துப் படம் எடுக்கும் முன்னால், அந்த ஐந்து நிமிடத்தைக் குதிரைக்குக் கொடுங்கள். சேணம் நிலையாக இருந்தால்தான் பிள்ளையும் பத்திரம்.