மூட்டைக்கு வயசு தெரியாது



போன மாதத் தாளில் என் வகுப்பு மாணவர் ஒருவர், "முப்பது வயதோடு மனிதனின் பலம் முடிந்துவிடும். அதனால் இப்போதே உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று எழுதியிருந்தார். உடற்பயிற்சி செய்யச் சொன்னது சரிதான். ஆனால் முப்பதோடு முடிந்துவிடும் என்பதை நான் ஒத்துக்க மாட்டேன். என் அப்பாவுக்கு வயது 47. லாரியில் வரும் சிமெண்ட், உர மூட்டைகளை இறக்கும் லோடுமேன் வேலை பார்க்கிறார். அதனால் இந்த விஷயத்தைப் பற்றி எழுத எனக்கும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் பளுதூக்கும் வீராங்கனைகளைப் பார்ப்போம். கர்ணம் மல்லேஸ்வரி 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டு முறையிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு 25 வயது. "பார்த்தியா, சின்ன வயசுதானே" என்று நீங்கள் சொல்லலாம். சரி, மணிப்பூரைச் சேர்ந்த குஞ்சராணி தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு 38 வயது! முப்பதோடு பலம் முடிந்திருந்தால் அந்தத் தங்கம் எப்படி வந்தது?

வயதானால் பலம் குறைவது உண்மைதான் என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னார். முப்பது வயதுக்குப் பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை தசை நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறையுமாம். அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறையுமாம். ஆனால் பயிற்சி செய்தால் எந்த வயதிலும் பலத்தைக் கூட்ட முடியும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சுமார் 90 வயதான பலவீனமான முதியோர்களுக்கு 8 வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியை முடித்த 9 பேருக்கும் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டதாம். தொண்ணூறு வயசிலே!

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எடை தூக்கினால் பலம் கூடும் என்றால், 25 வருஷமாகத் தினமும் மூட்டை தூக்கும் என் அப்பாதானே எங்கள் ஊரிலேயே பெரிய பலசாலியாக இருக்க வேண்டும்? அவர் ஏன் ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லாரியில் 200 மூட்டை. இறக்குவது நான்கு பேர். ஆளுக்கு 50 மூட்டை. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆக, அப்பா ஒரு லோடுக்கு 2500 கிலோ சுமக்கிறார். சில நாள் இரண்டு லோடு வரும். பளுதூக்கும் வீரர்கள் கொஞ்ச முறை தூக்குவார்கள், ஓய்வு எடுப்பார்கள், முட்டை, பால், கறி சாப்பிடுவார்கள். வலித்தால் பயிற்சியாளர் எடையைக் குறைப்பார். அப்பாவுக்கு வலித்தால் யார் எடையைக் குறைப்பது? 22 வயசில் தூக்கிய அதே 50 கிலோவைத்தான் 47 வயசிலும் தூக்குகிறார். அவருக்கு வயசாகிறது, மூட்டைக்கு ஆகவில்லை.

"சுமந்துக்கிட்டு நடக்கிறது ஒண்ணும் இல்ல தாயி. எக்கித் தூக்கி முதுகுல ஏத்துற அந்த ஒரு நொடிதான் முன்ன மாதிரி வர மாட்டேங்குது" என்று அப்பா சொல்வார். இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். தசையில் வேகமாக இழுக்கும் நார், மெதுவாக இழுக்கும் நார் என்று இரண்டு வகை உண்டு, வயதானால் வேகமான நார்தான் முதலில் மெலியும் என்றார். புத்தகத்தில் இருப்பதை அப்பா உடம்பிலேயே படித்துவிட்டார்.

இப்போது என் தப்பையும் சொல்கிறேன். நாலு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் விளையாட்டாக, "என்னப்பா, உனக்கு வயசாயிடுச்சா?" என்றேன். அப்பா சிரித்தார். ஆனால் மறுநாள் யார் சொல்லியும் கேட்காமல் இரண்டு லோடும் இறக்கியிருக்கிறார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. பத்து நாளும் கூலி இல்லை. அப்பத்தா தவிட்டு ஒத்தடம் கொடுக்கும்போதெல்லாம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அதனால் என் கருத்து இதுதான். ஆளை மாற்றாதீர்கள், மூட்டையை மாற்றுங்கள். 1967லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஒரு ஆண் தொழிலாளி 55 கிலோவுக்கு மேல் சுமக்கும்படி விடக்கூடாது என்று பரிந்துரை செய்தது. நல்லதுதான். ஆனால் அதிலும் இருபதுக்கும் ஐம்பதுக்கும் ஒரே கணக்குதான்.

மூட்டையைச் சிறிதாக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018இல் யூரியா மூட்டையை 50 கிலோவில் இருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். வயலில் உரத்தின் உபயோகம் குறையட்டும் என்றுதான் செய்தார்கள், லோடுமேனை நினைத்து இல்லை. இருந்தாலும் 50 மூட்டைக்கு 250 கிலோ மிச்சம். அரிசி 25 கிலோ சிப்பத்தில் வருகிறதே, சிமெண்ட் மட்டும் ஏன் வரக்கூடாது?

இதை அப்பாவிடம் சொன்னேன். "மூட்டை பாதியானா கூலியும் பாதியாக்கிடுவாங்களே" என்றார். நியாயமான கேள்வி. மூட்டைக்கு இவ்வளவு என்று இல்லாமல், டன்னுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு அடுக்குவது, எண்ணுவது, சாக்கு தைப்பது போன்ற வேலையை அதே கூலிக்குத் தர வேண்டும்.

அதற்காக வயசானவர்களைச் சும்மா உட்கார வைக்கச் சொல்லவில்லை. வாசலில் குழாய் வந்த பிறகு எங்கள் அப்பத்தா குடம் தூக்குவதே இல்லை. இப்போது சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். பலம் மிச்சம் பிடித்தாலும் குறையும், அளவில்லாமல் செலவழித்தாலும் குறையும். டீச்சர் சொன்னபடி தினமும் காலையில் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்கிறேன். "போடி, நீதான் எனக்கு டாக்டரா?" என்று திட்டிக்கொண்டே செய்கிறார்.

தோழர், தோழிகளே, நம் பள்ளியில் பலருடைய அப்பாவும் அம்மாவும் சுமை தூக்குகிறவர்கள்தான். அவர்கள் சோர்ந்து வரும்போது "வயசாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். "இன்னைக்கு எத்தனை மூட்டை? ஒண்ணு எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். பெருக்கிப் பாருங்கள். அடுத்த மாதத் தாளில் அந்தக் கணக்கை எல்லோரும் எழுதுவோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி