ஆஸ்திரேலியப் பழங்குடியினர்: மருந்து இருந்தும் ஏன் இந்த மரணங்கள்?

ஆஸ்திரேலியாவில் 2020–2022 காலத்துக்கான அரசுக் கணக்கின்படி, பழங்குடி ஆண் ஒருவரின் சராசரி ஆயுள் 71.9 ஆண்டுகள். பெண்ணுக்கு 75.6. அந்நாட்டின் மற்ற மக்களைவிட இது எட்டு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. செல்வச் செழிப்புள்ள நாடு, அரசு மருத்துவக் காப்பீடும் உண்டு. பிறகு ஏன் இந்த இடைவெளி?

குடிப்பழக்கம், அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ருமாட்டிக் இதய நோயைப் பாருங்கள். தொண்டைப் புண்ணாகவோ தோல் புண்ணாகவோ தொடங்கும் தொற்று, காய்ச்சலாகித் திரும்பத் திரும்ப வந்து இதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. மற்ற ஆஸ்திரேலியர்களிடம் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. வடக்குப் பிரதேசத்தின் தொலைதூரக் குடியிருப்புகளில் குழந்தைகளை இன்றும் தாக்குகிறது. தடுக்க 28 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, அதுவும் பல ஆண்டுகளுக்கு. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை திரும்பிப் போவதோ, நெரிசல் மிகுந்த, குழாய் பழுதான அதே வீட்டுக்கு.

அடுத்தது அச்சம். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பழங்குடிக் குழந்தைகளை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றது. 2008இல்தான் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அரசுக் கட்டடத்தைக் கண்டு ஒரு பாட்டி ஒதுங்கினால் அதை அறியாமை என்று சொல்லலாமா? 2014இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், அபராதம் கட்டாததற்காகக் காவலில் வைக்கப்பட்ட 22 வயதுப் பழங்குடிப் பெண் வலியால் துடித்தார். இருமுறை மருத்துவமனைக்குக் கொண்டுபோயும், காவலில் வைக்கத் தகுதியானவர் என்றே திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாம் முறை போனபோது உயிர் பிழைக்கவில்லை. இரத்தத்தில் கிருமித் தொற்று. அவர் நடிப்பதாகக் காவலர்கள் நினைத்திருந்தார்கள்.

பண்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண்களின் உடல் சார்ந்த விஷயங்களை ஆண் மருத்துவரிடம் பேசக் கூடாது என்பது பல குலங்களில் மரபு. (நம் வீட்டுப் பெண்களும் பெண் மருத்துவரைத்தானே தேடுகிறார்கள்?) பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. சொந்த மண்ணை விட்டு விலகி இருப்பதையே நோயாகக் கருதுபவர்களும் உண்டு.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், பாலைவனத்தில் கின்டோர் என்ற ஊர் உள்ளது. அங்கே சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள நகருக்கே குடிபெயர வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகளும் சடங்குகளும் ஊரில், அவர்கள் மட்டும் நகரத்தில். ஊரிலேயே இயந்திரம் வைக்கக் கேட்டும் அரசிடம் பலன் இல்லை. 2000ஆம் ஆண்டு அந்த மக்களின் ஓவியர்கள் தாங்கள் வரைந்தவற்றைச் சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அதைக் கொண்டு தங்கள் நிர்வாகத்திலேயே ஓர் அமைப்பைத் தொடங்கி, 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் நடத்தினார்கள். இன்று 'பர்ப்பிள் ஹவுஸ்' என்று அறியப்படும் அந்த அமைப்பு மேலும் பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது.

பழங்குடியினரின் கருத்தை நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆலோசனைக் குழு வேண்டுமா என்று 2023 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், சுமார் 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். கின்டோர் மக்கள் தொடங்கிவைத்த தொலைதூர டயாலிசிசுக்கு அரசுக் காப்பீட்டில் தனிக் கட்டணம் ஒதுக்கப்பட்டது 2018இல். ஓவியங்கள் ஏலம் போய் அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.