எல்லா மலைக்கும் ரோப் கார் வேண்டுமா?

காஞ்சிபுரத்தில் மலை கிடையாது. அண்ணாந்து பார்க்க எங்களுக்கு இருப்பது ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம்தான். சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். வரதராஜப் பெருமாள் நிற்கிற அத்திகிரி மலை இல்லையா என்பார்கள். அதற்கு 24 படி. "மலைமேல ஏறிப் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன்" என்று யாராவது சொன்னால் இந்த 24 படியைத்தான் சொல்கிறார். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் மலையைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் போன மாதம் சர்வதீர்த்தக் குளக்கரையில் காலை நடையின்போது கிளம்பிய ஒரு வாக்குவாதம் என்னோடு வீடு வரை வந்து, அங்கேயே தங்கிவிட்டது. எழுதினாலாவது போகுமா என்று பார்க்கிறேன்.

ஆரம்பித்தவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். "சோளிங்கருக்கு ரோப் கார் வந்தாச்சு சார். அடுத்தது பர்வதமலைக்கும் போட்டுடணும். நம்ம வயசுக்காரங்க எப்பதான் அந்த சாமியைப் பாக்கறது?" எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் வேண்டாம் என்றேன். உடனே ஏதோ கோயிலையே இடிக்கச் சொன்னவனைப் போல என்னைப் பார்த்தார்கள்.

பர்வதமலை தெரியாதவர்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், போளூருக்கு அந்தப் பக்கம், தென்மாதிமங்கலத்திலிருந்து ஏறவேண்டும். உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரர், பிரமராம்பிகை. மகா பெரியவர் அந்த மலையைச் சுற்றி வந்தார் என்று எங்கள் ஊரில் சொல்வதால் காஞ்சிபுரத்தார் பலருக்கு அதன்மேல் தனி ஒட்டுதல். நான் முதலில் ஏறியது 1978-ல். அப்போது எனக்கு 25 வயது. பட்டுக் கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கு எழுத அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் ஆறு பேர் ஒரு பௌர்ணமிக்குக் கிளம்பினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஆரணி, ஆரணியிலிருந்து போளூர், அங்கிருந்து இன்னொரு பஸ்.

நாளெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கிறவர்களுக்கு மலை ஏறுவது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். நான்தான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். அவர்கள் வெறுங்காலோடு பேசிக்கொண்டே ஏறினார்கள். முதலில் படிக்கட்டு. அப்புறம் படி என்று சொல்ல முடியாத கரடுமுரடான பாறை. கடைசியில் செங்குத்துப் பாறை. அதில் கடப்பாறைகளை அடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. நிலா வெளிச்சத்தில் கீழே பார்க்காதே என்றார்கள். பார்த்தேன். ஒரு கடப்பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்று நின்றுவிட்டேன். மேலே இருந்த ஒருவர் இறங்கி வந்து, என் வலது பாதத்தைத் தன் கையால் எடுத்து அடுத்த கடப்பாறைமேல் வைத்தார். அப்புறம் இடது. அப்படித்தான் நான் உச்சிக்குப் போனேன். அங்கே நாமே சாமிக்கு அபிஷேகம் செய்யலாம். அன்று தண்ணீர் ஊற்றியபோது என் கை நடுங்கியது குளிரால் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு 1985-லும் 2003-லும் ஏறியிருக்கிறேன். மூன்று முறை. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் எனக்கு அடி விழுகிறது.

சோளிங்கர் கதை வேறு. 1989-ல் எங்கள் பையனுக்கு டைபாய்டு வந்து படுத்தபோது யோக நரசிம்மருக்கு என் மனைவி வேண்டிக்கொண்டாள். பெரிய மலைக்கு 1,300 படிக்கு மேல். அப்போது முடியவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, பையன் வேலைக்குப் போய், கல்யாணமாகி, அவளுக்கு முட்டி தேய்ந்தும் போயிற்று. டோலி இருக்கிறதே என்றேன். "நாலு பேர் தோள்ல உக்காந்து போய் சாமி பாக்கறதுக்கு நான் பாக்காமலே இருந்துக்கறேன்" என்றாள். 2024 மார்ச்சில் ரோப் கார் திறந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று சில மாதம் காத்திருந்து போனோம். சில நிமிஷத்தில் மேலே. 35 வருஷக் கடன் தீர்ந்தது. சன்னதியில் அவள் அழுதாள். படியில் குச்சியும் கையுமாகக் குரங்கை விரட்டிக்கொண்டு ஏறி வந்தவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் அது போய்விட்டது. ஆகவே நான் ரோப் காருக்கு எதிரி இல்லை. பழனியில் 1966-லேயே விஞ்ச் வந்தது, 2004-ல் ரோப் கார் வந்தது. அதனால் முருகன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

பிறகு பர்வதமலைக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறேன்? அதைச் சொல்ல அமெரிக்கா வரை போய் வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022-ல் பாஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம் வடக்கே போனால் மெயின் மாநிலத்தில் அக்கேடியா தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் நம் ஊர் நகராட்சிப் பூங்காவை நினைக்காதீர்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைத் தீவு, அதன்மேல் வரிசையாக மொட்டைப் பாறை உச்சிகள். கீழே அலை அடிக்கிறது, நிமிர்ந்தால் மலை. நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல ஒன்று உண்டென்றால் கன்னியாகுமரி பக்கத்து மருந்துவாழ்மலைதான். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உதிர்ந்த துண்டு என்பார்கள். நாராயண குரு தவம் செய்த குகை அங்கே இருக்கிறது, மேலே நின்றால் கடல் தெரிகிறது.

அக்கேடியாவில் உயரமானது காடிலாக் மலை, 1,530 அடி. நம் பர்வதமலையில் மூன்றில் ஒரு பங்கு. அதன் உச்சி வரை கார் போக 1930-களின் தொடக்கத்திலேயே சாலை போட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1883-ல், நம் ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கர ரயில் ஒன்றை அந்த மலைமேல் விட்டார்கள். சில வருஷத்திலேயே நஷ்டப்பட்டு மூடி, இன்ஜினை வேறு மலைக்கு விற்றுவிட்டார்கள். இன்றைக்கு அந்தச் சாலையில் கூட்டம் தாங்காமல் 2021 முதல் கார்களுக்கு முன்பதிவு வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பதிவு செய்திருந்தார். விடியற்காலை இருட்டில் போனோம். சால்வையைப் போர்த்திக்கொண்டு என் மனைவி, சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு சீனக் குடும்பம், எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கடலிலிருந்து சூரியன் வருவதைப் பார்த்தோம்.

அவர்கள் செய்திருப்பதைக் கவனியுங்கள். மேலே போக வசதி செய்தது அந்த ஒரு மலைக்குத்தான். மற்ற உச்சிகளுக்கு நடந்துதான் போகவேண்டும். பிரெசிபிஸ் என்ற செங்குத்துப் பாதையை வல்லூறு குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மனிதர்களுக்கே மூடிவிடுகிறார்கள். ஒரு பறவைக்காக! இதை எங்கள் நடைக் குழுவில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

மறுநாள் பீஹைவ் என்ற உச்சிக்குப் போனோம். தேன்கூடு என்று அர்த்தம். உயரம் 500 அடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும் பாறையில் இரும்புக் கம்பிகள் அடித்துச் செருகியிருந்தன. பிடித்து ஏறவேண்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கடப்பாறை! என்ன, இது கொஞ்சம் ஒல்லி. 69 வயதில் என் முட்டி முடியாது என்றது. பேரனும் மாப்பிள்ளையும் கம்பியைப் பிடித்து ஏறினார்கள். நான் அங்கிருந்த பலகையைப் படித்துவிட்டு, மலைக்குப் பின்பக்கமாக ஒரு ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் சரிவான பாதையில் மெதுவாக நடந்தேன். தூரம் அதிகம், ஆனால் பயமில்லை. வழி பிரியும் இடத்திலெல்லாம் அடையாளம் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இருவரும் மேலே உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள். பேரன் எனக்கு இரண்டு சுளை வைத்திருந்தான்.

அடையாளம் என்றேனே, அந்தப் பூங்காவில் வழிகாட்டக் கல்லடுக்கு கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கல், குறுக்கே ஒரு பட்டைக் கல், அதன்மேல் திசை காட்ட ஒரு சின்னக் கல். நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம். அதைப் பார்த்ததும் என் மனைவி குனிந்து நாலு கல்லைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மலைக்குப் போனால் கல் அடுக்கி வீடு வேண்டிக்கொள்வது நம் வழக்கம் அல்லவா! மகள் ஓடி வந்து தடுத்தாள். ஆளாளுக்குக் கல் அடுக்கினால் பனிமூட்டத்தில் வருகிறவன் எது வழி என்று தெரியாமல் போய்விடுவானாம். "நமக்குத்தான் வீடு இருக்கே" என்று நான் சமாதானம் சொன்னேன். "பையனுக்கு இன்னும் வாடகைதானே" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒரு பாட்டு. நன்னன் என்ற சிற்றரசனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. அவனுடைய நவிரமலைதான் இன்றைய பர்வதமலை என்று தமிழறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதில் என்னைக் கவர்ந்தது வர்ணனை அல்ல, எச்சரிக்கை. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும், பாறை வழுக்கும், தினைப்புனம் காப்பவர்கள் கவணால் எறியும் கல் பறந்து வரும், பார்த்துப் போங்கள் என்று புலவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். இத்தனை நூற்றாண்டுக்கு முன் பாட்டிலேயே செய்த காரியத்தை இன்றைக்கு ஒரு பெயிண்ட் டப்பாவும் நாலு பலகையும் வைத்து நம்மால் செய்ய முடியாதா?

ரோப் காருக்குச் செலவாகும் கோடிகளில் ஒரு சின்னப் பங்கு போதும். செங்குத்துப் பாறையைச் சுற்றிக்கொண்டு நீளமாக, சரிவாக ஒரு பாதை. வழியில் மூன்று இடத்தில் தண்ணீர், ஒரு இடத்தில் முதலுதவி தெரிந்த ஆள். கீழே ஒரு நோட்டில் ஏறுகிறவர் பெயர், இறங்கியதும் பக்கத்தில் ஒரு டிக். மாரடைப்பு வந்தவர், ரத்த அழுத்தக்காரர் வந்தால் "ஐயா, இத்தோட போதும், இங்கிருந்தே கும்பிட்டுக்குங்க" என்று மரியாதையாகச் சொல்ல ஒருவர். வெள்ளியங்கிரிக்கு ஏறி உயிரை விட்டவர்கள் செய்தி வரும்போதெல்லாம் நான் நினைப்பது இதைத்தான். பக்தி என்று வந்துவிட்டால் பாதியில் திரும்புவது குற்றம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி எந்தச் சாமியும் சொல்லவில்லை.

ரோப் கார் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். உச்சியில் இருக்கிற இடம் கொஞ்சம். அங்கே மணிக்கு நூற்றுக்கணக்கான பேர் இறங்கினால் கழிப்பறை, டீக்கடை, தடுப்புக் கம்பி, சிறப்பு தரிசன டிக்கெட் எல்லாம் பின்னாலேயே வரும். நம் கையால் அபிஷேகம் செய்வது அன்றோடு சரி. சோளிங்கர் தாங்கும், அது காலகாலமாகக் கூட்டம் வருகிற திவ்யதேசம், படியும் மண்டபமும் ஏற்கெனவே உண்டு. பர்வதமலை அப்படி இல்லை.

இதையெல்லாம் காபி குடித்துக்கொண்டே வீட்டில் சொன்னேன். என் மனைவி முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க மூணு வாட்டி ஏறிட்டு வந்துட்டீங்க. அந்த மூணு வாட்டியும் நான் புள்ளைங்களப் பாத்துக்கிட்டு, உங்கம்மாவுக்கு மருந்து குடுத்துக்கிட்டு இங்க இருந்தேன். இப்ப எனக்கு ஒழிஞ்சுது, முட்டி போச்சு. ஏறிட்டு வந்தவங்க ஏணியை மேல இழுத்துக்கற மாதிரி இருக்குது நீங்க பேசறது."

எனக்குப் பதில் வரவில்லை. சுற்றுப்பாதை போட்டாலும் அவளால் 4,500 அடி நடக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். 1985-ல் அவளையும் கூட்டிப்போயிருக்கலாம். அம்மாவை நாலு நாள் அக்கா வீட்டில் விட்டிருக்கலாம். அப்போது தோன்றவே இல்லை. என்னோடு ஏறியவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இருந்தாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு ஈடு செய்யவேண்டியவன் நான். என் தப்புக்கு அந்த மலை ஏன் கம்பி சுமக்கவேண்டும்? இதையும் சொன்னேன். "நல்லா எழுதுங்க, உங்க பிளாகுல" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

போன சனிக்கிழமை வரதராஜர் கோயிலுக்குப் போனோம். வழக்கமாக நான் விறுவிறு என்று ஏறி மேலே போய் அவளுக்காக நிற்பேன். அன்று கூடவே நின்றேன். அவள் ஒவ்வொரு படியாக, எண்ணிக்கொண்டே ஏறினாள். பதினாறாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் வந்த ஒரு பையன் வழி கேட்டான், ஒதுங்கி விட்டோம். "இன்னும் எட்டு" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள்.